பெட்டியின் பின்பக்கத்தில் ஒரு வரி

போன தீபாவளிக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு போன் வாங்கப் போனேன். கடைப் பையன் பெட்டியை எடுத்து வைத்ததும் நான் செய்த முதல் காரியம், அதைத் திருப்பிப் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்ததுதான். 'அசெம்பிள்டு இன் இந்தியா'.

"வெளிநாட்டுல செஞ்ச பீஸ் ஏதாவது இருக்கா?"

"இப்ப எல்லாம் இங்க செஞ்சதுதான் சார் வருது. ஒரு வித்தியாசமும் இருக்காது."

பழகிப்போன குரலில் சொன்னான். தினமும் பத்துப் பேராவது கேட்பார்கள் போல.

என்னோடு வந்திருந்தவள் என் சித்தி மகள் ரேவதி. வந்தவாசிப் பக்கத்துப் பெண். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஒரு போன் தொழிற்சாலையில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். கம்பெனி ஹாஸ்டல், கம்பெனி பஸ், ஷிப்ட் மாறி மாறி வரும். கடையில் அவள் எதுவும் பேசவில்லை. பைக்கில் திரும்பி வரும்போது பின்னாலிருந்து கேட்டாள்.

"ஏண்ணா, நான் செஞ்சதுன்னா வேணாமா உனக்கு?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நான் ஹெல்மெட்டைச் சாக்காக வைத்து, காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். ஆனால் கேள்வி விழுந்துவிட்டது. அந்தப் பொடி எழுத்தை நான் ஏன் தேடினேன்? என் கண்ணை அங்கே போகச் சொன்னது யார்?

*

எங்கள் தாத்தாவிடம் ஒரு சவரக்கத்தி இருந்தது. மடக்குக் கத்தி. அதன் இரும்பில் 'சோலிங்கன்' என்று பொறித்திருக்கும். "ஜெர்மன் சரக்குடா, உன் பேரன் காலத்துக்கும் வரும்" என்பார். ஜெர்மனி வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் ஜெர்மன் என்றால் உறுதி என்பது, உப்பு என்றால் கரிக்கும் என்பது போல அவருக்குத் தெரிந்த விஷயம்.

தாத்தாவின் தாத்தா காலத்தில் ஒரு ஆங்கிலேயனிடம் அதே சோலிங்கன் கத்தியைக் காட்டியிருந்தால் முகம் சுளித்திருப்பான். அன்றைக்கு அந்தப் பெயர் போலிச் சரக்கின் பெயர்.

இங்கிலாந்தின் கத்தி நகரம் ஷெஃபீல்டு. 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்பவர் மண் மூசையில் எஃகை உருக்கும் முறையை அங்கே கொண்டுவந்த பிறகு, அதன் கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் உலகமெங்கும் மதிப்பு. கத்திக் கொல்லர்களுக்கு அங்கே 1624லேயே நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அமைந்த ஒரு சங்கம் உண்டு. யார் எந்த முத்திரையைக் குத்தலாம் என்பதை அந்தச் சங்கம்தான் கண்காணித்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர்களுக்கு ஒரு தலைவலி வந்தது. ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்திலிருந்து மலிவான கத்திகள் வந்து இறங்கின. சிலவற்றில் ஷெஃபீல்டு என்றே முத்திரை. தட்டி அடித்துச் செய்ய வேண்டிய கத்தரிக்கோலை வார்ப்பிரும்பில் ஊற்றி எடுத்து அனுப்புகிறார்கள் என்று ஷெஃபீல்டு புலம்பியது.

புலம்பல் சட்டமானது. 1887 ஆகஸ்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வணிகக் குறிகள் சட்டத்தை நிறைவேற்றியது. வெளிநாட்டில் செய்த பொருளில் பிரிட்டிஷ் பெயரோ முத்திரையோ இருந்தால், அது உண்மையில் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதையும் தெளிவாகப் போட வேண்டும். 'மேட் இன் ஜெர்மனி' என்ற வரி ஊர் உலகத்துக்கெல்லாம் பழக்கமானது இதற்குப் பிறகுதான். அது விளம்பரமாகப் பிறந்த வரி இல்லை. 'இவனிடம் ஜாக்கிரதை' என்று ஒருவன் முதுகில் ஒட்டிய சீட்டு அது.

*

ஜெர்மன்காரர்கள் மேல் அநியாயமாகப் பழி போட்டார்கள் என்று இதைக் கடந்து போக முடியாது. பழியில் உண்மை இருந்தது. அதை முதலில் உரக்கச் சொன்னவர் ஒரு ஜெர்மன்காரர்.

ஃப்ரான்ஸ் ரூலோ என்ற பெயரை மெக்கானிக்கல் படித்தவர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். இயந்திர உறுப்புகள் எப்படி ஒன்றையொன்று நகர்த்துகின்றன என்பதற்கு இலக்கணம் எழுதிய பேராசிரியர். 'ரூலோ முக்கோணம்' இவர் பெயரில்தான் வழங்குகிறது. 1876ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நடந்த உலகப் பொருட்காட்சிக்கு ஜெர்மன் அரசின் பிரதிநிதியாகப் போனார். அங்கிருந்து பெர்லின் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதங்கள் எழுதினார். மலிவு, மட்டம், இந்த இரண்டும்தான் நம் நாட்டுத் தொழிலின் கொள்கையாக இருக்கிறது என்ற பொருளில் அவர் எழுதியது ஊரையே கொதிக்க வைத்தது. தேசத் துரோகி என்கிற அளவுக்கு ஏச்சு விழுந்தது.

அவருடைய இன்னொரு குறையை நாம் இன்றைக்கும் கவனிக்கலாம். ஜெர்மனி வைத்த அரங்கில் எங்கே திரும்பினாலும் தேசத் தாயின் சிலைகளும், பிஸ்மார்க், பேரரசர் உருவங்களும், க்ருப் கம்பெனியின் ராட்சத பீரங்கியும்தான். பெருமைக்குப் பஞ்சமில்லை. வாங்கிக்கொண்டு போய் வீட்டில் பயன்படுத்தும் சாமானில்தான் பஞ்சம்.

அடுத்த இருபது ஆண்டுகளில் ஜெர்மனி செய்தவை பெரும்பாலும் சத்தமில்லாத காரியங்கள். 1877ல் நாடு முழுமைக்குமான காப்புரிமைச் சட்டம் வந்தது. ஆராய்ச்சிக்கூடமும் பட்டறையும் சேர்ந்த தொழில்நுட்பக் கல்லூரிகள் வளர்ந்தன. 1884ல் யெனா நகரில் எர்ன்ஸ்ட் அபே என்ற இயற்பியலாளரும் ஓட்டோ ஷாட் என்ற கண்ணாடி வேதியியலாளரும் கார்ல் ஸைஸ் என்ற கருவித் தயாரிப்பாளரோடு கூட்டுச் சேர்ந்து கண்ணாடி ஆய்வுக்கூடம் வைத்தார்கள். நுண்ணோக்கிக் கண்ணாடி ஊகத்தில் அல்ல, கணக்கில் செய்யப்பட்டது. பிரிட்டன் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அதே 1887ல் பெர்லினில் அளவைகளுக்கும் தரநிர்ணயத்துக்கும் ஒரு தேசிய ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. வெர்னர் ஸீமன்ஸ் இடம் கொடுத்தார். ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதன் முதல் தலைவர். ஒரு நாடு முத்திரை குத்துவதற்கு விதி எழுதிக்கொண்டிருந்த வருடத்தில், இன்னொரு நாடு ஓர் ஓம் மின்தடை என்பது சரியாக எவ்வளவு என்று அளக்க உட்கார்ந்துவிட்டது.

விளைவை 1896ல் எர்னஸ்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் எழுதினார். அவர் புத்தகத்தின் பெயரே அந்த மூன்று சொல்தான், 'மேட் இன் ஜெர்மனி'. வாசகனைத் தன் வீட்டையே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கச் சொல்கிறார் அவர். குழந்தையின் பொம்மை முதல் வரவேற்பறைப் பியானோ வரை அந்த வரிதான் தட்டுப்படும். மக்களை எச்சரிக்கப் போட வைத்த சீட்டு, இத்தனை நாளாக யாருடைய பொருளை விரும்பி வாங்கிக்கொண்டிருந்தோம் என்பதை மக்களுக்கே காட்டிக்கொடுத்துவிட்டது.

கடைசியில் 1938ல் சோலிங்கன் தனக்கே ஒரு காப்பு வாங்கிக்கொண்டது. சோலிங்கன் வட்டாரத்தில் செய்யாத கத்தியில் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று ஜெர்மனியில் விதி வந்தது. ஒரு காலத்தில் ஷெஃபீல்டு பெயரைத் திருடிய ஊருக்கு, தன் பெயர் திருடு போகாமல் பூட்டுப் போட வேண்டிய நிலை. தாத்தாவின் கத்தியில் இருந்தது அந்தப் பெயர்தான்.

*

1887 சட்டம் இரண்டே வருடத்தில் கடல் தாண்டி நம் பக்கமும் வந்தது. 1889ல் இந்திய வணிகக் குறிகள் சட்டம். மில் துணியில் அது எத்தனை கஜம் என்று முத்திரை குத்த வேண்டும் என்பதும் அதில் உண்டு. மான்செஸ்டர் துணிக்கட்டு நம் சந்தைக்கு வரும்போது, லட்சுமி, கிருஷ்ணர் படம் போட்ட வண்ணச் சீட்டு ஒட்டி வந்த காலம் அது. வாங்குகிறவர் பார்த்தது அந்தப் படத்தைத்தான். நாட்டைப் பார்க்க அவருக்கு அப்போது ஒரு காரணமும் இல்லை.

காரணம் 1905க்குப் பிறகு வந்தது. வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் கிளம்பியதும், துணி எங்கே நெய்தது என்பது திடீரென்று ஒழுக்கத்தின் கேள்வியாகிவிட்டது. அந்நியத் துணி உறுத்த ஆரம்பித்தது. தரம் மாறவில்லை, விலை மாறவில்லை. வாங்குகிறவன் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்கிறான் என்பது மாறியது.

மதிப்பு வந்த இடத்தில் போலியும் வந்தது. காந்தி கதரைக் கையில் எடுத்த பிறகு, மில்லில் முரட்டுத் துணி நெய்து கதர் என்று விற்றார்கள். கையால் நூற்றுக் கையால் நெய்யாத துணியைக் கதர் என்று சொல்லி விற்கக்கூடாது என்று 1934ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. ஷெஃபீல்டுக்கு 1887, கதருக்கு 1934, சோலிங்கனுக்கு 1938. ஒரு பெயருக்குக் காவல் தேவைப்படுகிறது என்றால், அதற்குள் யாரோ நிறைய உழைப்பைப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதே காலத்தில் மதுரையில் நடந்த ஒன்று என்னைக் கொஞ்சம் குழப்புகிறது. மதுரைத் துணியின் சிவப்பு ஒரு காலத்தில் சாயவேரிலிருந்து வந்தது. 1869ல் ஜெர்மன் வேதியியலாளர்கள் அலிசரின் என்ற சிவப்புச் சாயத்தை ஆய்வுக்கூடத்திலேயே செய்துவிட்டார்கள். பிறகு சௌராஷ்டிரச் சமூகத்தாரின் சாயப் பட்டறைகள் அந்த அலிசரினுக்கு மாறின. கட்டுவது மதுரை, நனைப்பது மதுரை, கைராசி மதுரை. சிவப்பு மட்டும் ஜெர்மனி. 1914ல் போர் வந்து ஜெர்மன் சாயத்தின் வரத்து நின்றபோது நம் சாயப் பட்டறைகள் திண்டாடின. அப்படியானால் அந்தச் சேலை எங்கே செய்தது? கட்டிக்கொண்ட பெண்ணிடம் கேட்டால் யோசிக்காமல் மதுரை என்றிருப்பாள். அது தப்பும் இல்லை.

*

ஜெர்மனிக்கு நடந்தது ஒரு விதிவிலக்கு என்று சொல்ல முடியாதபடி, ஜப்பானுக்கும் அதேதான் நடந்தது.

இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பான் மீண்டும் ஏற்றுமதி செய்ய ஆரம்பித்தபோது, 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்று பொருளில் குறிக்க வேண்டியிருந்தது. 1947லிருந்து 1952 வரை. தோல்வியைப் பீங்கான் பொம்மையின் அடியில் எழுதி அனுப்புவது. அமெரிக்கர்களுக்கு ஜப்பான் சாமான் என்றால் ஒரு வாரம் ஓடி நிற்கும் தகர பொம்மை.

பின்னால் சோனி என்று பெயர் மாறிய கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான அகியோ மொரிட்டா, 1953ல் முதல் தடவை ஐரோப்பா போனார். ஜெர்மனியின் டியூசல்டார்ஃப் நகரில் ஓர் உணவகத்தில் ஐஸ்கிரீம் கேட்டார். அதில் அலங்காரத்துக்கு ஒரு குட்டிக் காகிதக் குடை செருகியிருந்தது. பரிமாறியவர் அன்பாக, இது உங்கள் நாட்டிலிருந்து வந்தது என்றாராம். மொரிட்டாவுக்குச் சுருக்கென்றது. ஜப்பானைப் பற்றி இந்த மனிதருக்குத் தெரிந்தது இவ்வளவுதானா என்று.

தன் நினைவுக் குறிப்பில் அவர் இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறார். ஆரம்ப கால ஏற்றுமதிச் சரக்கில் 'மேட் இன் ஜப்பான்' என்பதை எவ்வளவு சின்னதாக முடியுமோ அவ்வளவு சின்னதாகப் போட்டார்களாம். ஒருமுறை அமெரிக்க சுங்க அதிகாரிகளே, எழுத்து ரொம்பச் சின்னது, பெரிதாகப் போடு என்று சொல்லும் அளவுக்கு. 1986ல் வந்த அந்தப் புத்தகத்தின் தலைப்பு 'மேட் இன் ஜப்பான்'. இந்த முறை கொட்டை எழுத்தில்.

இடையில் நடந்தது இங்கேயும் சத்தமில்லாத வேலைதான். 1950ல் எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளரை அழைத்து வந்து, உற்பத்தியில் பிழை எங்கே பிறக்கிறது என்பதை எண்களால் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். அடுத்த வருடமே அவர் பெயரில் தரத்துக்கு ஒரு பரிசை ஏற்படுத்தினார்கள். 1981ல் நிலைமை தலைகீழ். ஜப்பான் கார்களின் வரத்தைத் தாங்க முடியாமல் அமெரிக்கா நெருக்கியதில், வருடத்துக்கு 16.8 லட்சம் கார்களுக்கு மேல் அனுப்புவதில்லை என்று ஜப்பான் ஒத்துக்கொண்டது.

அந்த 1980களில்தான் அப்பா பர்மா பஜாரில் ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கினார். பர்மாவில் இருந்து துரத்தப்பட்டு வந்த தமிழர்களின் பிழைப்புக்காக 1960களின் இறுதியில் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே வந்த கடைவரிசை அது. இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த நாட்டில், 'ஃபாரின்' என்ற சொல்லுக்கு அங்கே தனி வாசனை. அப்பா அந்த டேப் ரெக்கார்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து 'மேட் இன் ஜப்பான்' இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தாராம். பெருமையாகச் சொல்வார்.

ஆக, கடையில் பெட்டியைத் திருப்பிய கை என்னுடையது மட்டும் இல்லை.

*

1965ல் ராபர்ட் ஸ்கூலர் என்ற ஆய்வாளர் குவாட்டமாலாவில் மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார். ஒரே பழச்சாறு, ஒரே துணி. லேபிளில் மட்டும் வெவ்வேறு நாடுகளின் பெயர். மாணவர்கள் ஒரே பொருளுக்கு நாட்டுக்குத் தகுந்தாற்போல் வேறு வேறு மதிப்புக் கொடுத்தார்கள். இதற்குப் பிறகு இந்தத் துறையில் ஏகப்பட்ட ஆய்வுகள் வந்துவிட்டன.

இதைப் படித்துவிட்டு மக்கள் முட்டாள்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கத்தரிக்காயை நாம் நாடு கேட்டு வாங்குவதில்லை. காம்பைப் பார்த்து, அழுத்திப் பார்த்து வாங்குகிறோம். சேலையைத் தடவிப் பார்க்கிறோம். போனையோ ரேடியோவையோ அழுத்திப் பார்த்து என்ன தெரியும்? உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாதபோது, யார் சொல்லையாவது கடன் வாங்க வேண்டும். நாட்டின் பெயர் அப்படிக் கடன் வாங்கிய சொல்.

எங்கள் வேலையில் இதற்கு 'கேச்' என்று பெயர். ஒவ்வொரு முறையும் மூலத்துக்குப் போய்க் கேட்க நேரமில்லை என்பதால், முன்பு கிடைத்த பதிலைப் பக்கத்திலேயே எடுத்து வைத்துக்கொள்வது. வேகமாக இருக்கும். ஒரே சிக்கல், மூலம் மாறிய பிறகும் அது பழைய பதிலையே கொடுத்துக்கொண்டிருக்கும். 1896ல் ஆங்கிலேயன் கையில் இருந்தது 1876ன் ஜெர்மனி. 1953ல் அந்த உணவகத்துக்காரர் கையில் இருந்தது போருக்கு முந்தைய ஜப்பான். பெட்டியைத் திருப்பிய என் கையில் இருந்தது அப்பாவின் பர்மா பஜார்.

அந்த வரி முன்பு சொன்ன அளவுக்கு இப்போது சொல்வதும் இல்லை. 2009ல் சீனாவில் செய்யப்பட்ட ஐபோன் 3ஜி மாடலை ஷிங், டெட்டர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் பிரித்துக் கணக்குப் போட்டார்கள். ஒரு போனின் உற்பத்திச் செலவு 178.96 டாலர். அதில் சீனாவில் கோத்ததற்கான கூலி 6.50 டாலர். மீதியில் பெரும்பகுதி ஜப்பான், தென்கொரியா, ஜெர்மனி, அமெரிக்கக் கம்பெனிகளின் பாகங்களுக்கு. பெட்டியின் பெயர் ஒரு நாட்டுக்கு, காசு வேறு நாடுகளுக்கு. மதுரைச் சேலையின் சிவப்பு மாதிரிதான். ஆப்பிள் 2022ல் ஐபோன் 14ஐ இந்தியாவில் தயாரிக்கத் தொடங்கியபோதும் அடிப்படைக் கணக்கு இதே வகைதான்.

ஆனால் அந்த ஆறரை டாலருக்குள்தான் ரேவதி இருக்கிறாள். பெட்டியில் நாட்டின் பெயர் கெட்டால் கெடுவது பெரும்பாலும் அவள் பெயர். எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தபோது, நான் எழுதிய கோடில் இல்லாத பிழைக்கு, "இது அந்தப் பக்கத்து டீம் செஞ்சதா?" என்று ஒருவர் பொதுவாகக் கேட்டார். பிழை வேறு இடத்தில் என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதே கேள்வியைத்தான் நான் கடையில் கேட்டிருக்கிறேன்.

செய்த நாடு வாங்குகிறவனுக்கு முக்கியமா என்றால், முக்கியம்தான். பார்க்கத்தான் செய்வோம். அதைக் கோஷத்தால் மாற்ற முடியும் என்றும் நான் நம்பவில்லை. 2014ல் 'மேக் இன் இந்தியா' சிங்கம் வந்தது. பல்சக்கரங்களால் ஆன அழகான சிங்கம். ரூலோ பிலடெல்பியாவில் பார்த்ததும் அழகான சிலைகள்தான். பெயரை மாற்றியது அளவுகோல், ஆய்வுக்கூடம், ஒழுங்காகச் சம்பளம் வாங்கி ஒழுங்காகத் தூங்கி எழுந்து பட்டறைக்கு வரும் ஆட்கள். அதுவும் உடனே மாற்றவில்லை. வேலை செய்தவர்கள் ஒரு தலைமுறை, பெயரை அனுபவித்தவர்கள் அடுத்த தலைமுறை. நடுவில் இருக்கிறவர்கள் நல்ல பொருளைச் செய்துகொண்டே பழைய ஏச்சைக் கேட்க வேண்டும். ரேவதி இப்போது நிற்பது அந்த நடுவில்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பெட்டியை வாங்கிக்கொண்டு கேட்டாள், "எங்க செஞ்சதுடா?"

"நான்தான் பெரியம்மா செஞ்சேன்" என்றாள் ரேவதி.

அம்மா நம்பியும் நம்பாமலும் சிரித்தாள். ரேவதி போனை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். கண்ணாடியும் சட்டமும் சேரும் இடத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து நாலு பக்கமும் மெதுவாக ஓட்டினாள். ஒரு மூலையில் நிறுத்தி இன்னொரு தடவை ஓட்டினாள்.

"என்னடி பாக்குற?"

"கேப் இருக்கான்னு பாக்கறேன் பெரியம்மா. இல்ல. நல்லா இருக்கு" என்று சொல்லி அம்மா கையில் கொடுத்தாள்.